காலை எடுப்பதற்கு முன்னால் ரத்த ஓட்டத்தைப் பாருங்கள்

கேள்வி: என் அப்பாவுக்கு 68 வயது. பேராவூரணி பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கிறார். 20 வருடமாகச் சுகர். 9 வருடத்துக்கு முன் இதயத்தில் பைபாஸ் செய்தார்கள், அதற்கு இடது காலிலிருந்து நரம்பு எடுத்தார்கள். பீடியை விட்டுவிட்டதாகச் சொல்கிறார். ஆனால் தோப்புக்குள் போய்க் குடிப்பது எங்களுக்குத் தெரியும். இரண்டு மாதத்துக்கு முன் புதுச் செருப்பு கடித்து வலது காலின் இரண்டாவது விரலில் புண் வந்தது. இப்போது விரல் நுனி கறுத்துவிட்டது. ராத்திரியில் வலி தாங்காமல் காலைக் கட்டிலிலிருந்து தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தே தூங்குகிறார். ஒரு டாக்டர் விரலை எடுத்தால் போதும் என்கிறார். இன்னொருவர் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும் என்கிறார். மூன்றாவதாகப் பார்த்தவர், கத்தி வைக்காமல் ஒரு துளை வழியாகப் பலூன் விட்டு அடைப்பைத் திறக்கலாம் என்றார். பக்கத்து ஊரில் ஒருவருக்கு அப்படிப் பலூன் வைத்தும் ஆறே மாதத்தில் திரும்ப அடைத்துக்கொண்டு காலும் போய்விட்டது. சொந்தக்காரர் ஒருவர் லேசர் போட்டால் ஒரே நாளில் சரியாகும் என்கிறார். கணுக்காலில் எடுத்த ரத்த அழுத்த அளவு 1.42, நார்மல் என்று லேபில் சொன்னார்கள். கிரியேட்டினின் 1.6. "காலை எடுத்தால் நான் இருக்க மாட்டேன்" என்கிறார் அப்பா. துளையா, பெரிய ஆபரேஷனா? நாங்கள் எதை நம்புவது?

— தஞ்சை மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது கறுத்த விரல் அல்ல. அப்பா காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு தூங்குகிறார் என்று எழுதியிருந்தீர்களே, அந்த வரிதான். படுத்தால் பாதத்துக்கு ரத்தம் ஏறுவதில்லை. காலைத் தொங்கவிட்டால் புவியீர்ப்பின் உதவியால் கொஞ்சம் இறங்குகிறது, வலி சற்றுக் குறைகிறது. அப்பாவின் உடம்பு தானே கண்டுபிடித்துக்கொண்ட வைத்தியம் இது. ரத்தக்குழாய் மருத்துவர்கள் இதைக் கேட்டாலே ஸ்கேன் பார்ப்பதற்கு முன்பே பாதி முடிவுக்கு வந்துவிடுவார்கள். பாதம் ரத்தத்துக்காகத் தவிக்கிறது. இந்த நிலையில் மாதக்கணக்கில் யோசிக்க நேரம் கிடையாது. இந்த வாரத்துக்குள் ரத்தநாள அறுவை சிகிச்சை நிபுணர் ஒருவரிடம் அப்பா போய்ச் சேர வேண்டும்.

முதலில் அந்த 1.42 என்ற அளவைப் பற்றிப் பேசிவிடுவோம், ஏனென்றால் அது உங்களை ஏமாற்றியிருக்கிறது. கணுக்காலில் உள்ள ரத்த அழுத்தத்தைக் கையில் உள்ள அழுத்தத்தால் வகுத்தால் வருவது அந்த எண். பொதுவாக 0.9-க்குக் கீழே இருந்தால் காலில் அடைப்பு இருக்கிறது என்று பொருள். 1-க்கும் 1.4-க்கும் இடையில் இருந்தால் சரி. 1.4-ஐத் தாண்டினால் அதை நார்மல் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பல ஆண்டு சுகர் இருப்பவர்களுக்கு ரத்தக்குழாயின் சுவரில் சுண்ணாம்புச்சத்து படிந்து குழாய் கட்டையாகிவிடும். அழுத்தப் பட்டையை எவ்வளவு இறுக்கினாலும் அது நசுங்காது. அதனால் உள்ளே ரத்தம் சொட்டுச் சொட்டாகப் போனாலும் எண் மட்டும் பெரிதாகக் காட்டும். கால் பெருவிரலில் உள்ள குழாய்கள் பெரும்பாலும் இப்படிக் கட்டையாவதில்லை. ஆகவே பெருவிரலில் சின்னப் பட்டை கட்டி எடுக்கும் அழுத்தத்தைக் கேட்டு வாங்குங்கள். அது 30-க்குக் கீழே இருந்தால், ரத்த ஓட்டத்தைச் சரிசெய்யாமல் எந்தப் புண்ணும் ஆறுவது கடினம். டாப்ளர் ஸ்கேனில் ரத்த ஓட்டத்தின் அலைவடிவமும் தெரியும். அதையும் டாக்டர் பார்த்துச் சொல்வார்.

அடுத்தது, விரலை மட்டும் எடுத்தால் போதும் என்ற யோசனை. இதில் என் சொந்த அனுபவம் ஒன்றை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. படித்து முடித்து வேலைக்குச் சேர்ந்த புதிதில், அப்பா வயதுள்ள ஒரு நெசவாளருக்கு இதே போலக் கறுத்த விரல் ஒன்றை நான் எடுத்தேன். சின்ன வேலை, அரை மணி நேரத்தில் முடிந்தது. பத்து நாளில் தையல் போட்ட ஓரம் கறுத்தது. பக்கத்து விரலையும் எடுத்தேன். அப்புறம் பாதத்தின் முன்பகுதி போனது. பெரிய ஆஸ்பத்திரிக்கு அவர் போய்ச் சேர்ந்தபோது முழங்காலுக்குக் கீழே எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. விரலை எடுத்த அன்று அவருடைய பாதத்தில் என் விரலை வைத்து நாடி அடிக்கிறதா என்று நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நாடி இல்லை என்பது எனக்கு அப்போதே தெரிந்திருக்கும். விரலை எடுத்ததும் ஒரு புதுக் காயம்தான். ரத்தம் வராத இடத்தில் இருக்கிற காயமே ஆறாதபோது, நாம் வெட்டி உண்டாக்கும் காயம் மட்டும் எப்படி ஆறும்? அதனால் முதலில் ரத்தம், பிறகுதான் கத்தி. இன்று நான் பயிற்சி மருத்துவர்களுக்குச் சொல்லும் முதல் பாடம் இதுதான்.

இதற்கு ஒரே விதிவிலக்கு சீழ். கறுத்த விரல் காய்ந்து, கட்டையாக, நாற்றமில்லாமல் இருந்தால் சில நாட்கள் காத்திருக்கலாம். அது ஈரமாகி, நாற்றமடித்து, பாதம் வீங்கி, சிவப்பு மேலே ஏறி, காய்ச்சலோ நடுக்கமோ வந்தால், அல்லது காரணமில்லாமல் சுகர் திடீரென்று எகிறினால், அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ராத்திரி இரண்டு மணி என்றாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அப்போது சீழை வெளியேற்றுவதுதான் முதல் வேலை, ரத்த ஓட்டத்தை அடுத்த ஓரிரு நாளில் சரிசெய்வார்கள்.

சரி, உங்கள் முக்கியமான கேள்விக்கு வருகிறேன். துளையா, பெரிய ஆபரேஷனா?

நீங்கள் பேராவூரணிப் பக்கம் என்பதால் உங்களுக்கு இதை விளக்குவது எளிது. கல்லணைக் கால்வாயின் கடைமடை உங்கள் பகுதி. மேட்டூரில் தண்ணீர் திறந்தார்கள் என்ற செய்தி வந்தால் மட்டும் நீங்கள் நாற்று விட்டுவிட மாட்டீர்கள். தண்ணீர் உங்கள் வாய்க்காலுக்கு வந்ததா என்றுதான் பார்ப்பீர்கள். பாதம் நம் உடம்பின் கடைமடை. இதயத்திலிருந்து புறப்பட்ட ரத்தம் வயிறு, இடுப்பு, தொடை, முழங்காலுக்குப் பின்புறம் எல்லாம் தாண்டி, கெண்டைக்காலில் மூன்று சிறு கிளைகளாகப் பிரிந்து, பிறகுதான் விரலுக்கு வருகிறது. பீடி குடிப்பவர்களுக்குப் பெரும்பாலும் மேலே, இடுப்பிலும் தொடையிலும் அடைக்கும். சுகர் உள்ளவர்களுக்கு முழங்காலுக்குக் கீழே உள்ள அந்த மூன்று சிறு கிளைகளில் அடைக்கும். அப்பாவுக்கு இரண்டும் இருக்கிறது. அடைப்பு எங்கே, எத்தனை இடத்தில், எவ்வளவு நீளத்துக்கு என்று தெரியாமல் எந்த சிகிச்சை நல்லது என்று யாராலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது.

பலூன் சிகிச்சை என்பது இருக்கிற வாய்க்காலையே திறப்பது. தொடை இடுக்கில் மரத்துப்போக ஊசி போட்டு, ரத்தக்குழாய்க்குள் சுமார் இரண்டு மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு குழாயைச் செருகுவார்கள். அதன் வழியாகத் தலைமுடியைவிடச் சில மடங்கு தடிமனான ஒரு மெல்லிய கம்பியை அனுப்பி, எக்ஸ்ரே திரையைப் பார்த்துக்கொண்டே அடைப்பைக் கடக்க வைப்பார்கள். இதில் கடினமான பகுதி அதுதான். சில சமயம் ஒரு மணி நேரம் முயன்றும் கம்பி போகாது. அப்போது பாதத்தின் மேற்புறம் அல்லது கணுக்காலில் ஊசி போட்டுக் கீழிருந்து மேலே ஏறி வருவதும் உண்டு. கம்பி கடந்துவிட்டால் அதன் மேல் சுருங்கிய பலூனை ஏற்றி அடைப்பில் நிறுத்தி விரிப்பார்கள். தொடையில் ஐந்து, ஆறு மில்லிமீட்டர் அகலம், கெண்டைக்காலில் இரண்டரை, மூன்று மில்லிமீட்டர். சில நிமிடம் விரித்து வைத்துவிட்டுச் சுருக்கி எடுப்பார்கள். அப்பா விழித்தபடியே இருப்பார். முடிந்ததும் சில மணி நேரம் காலை மடக்காமல் படுத்திருக்க வேண்டும். பெரும்பாலானவர்கள் ஓரிரு நாளில் எழுந்து உட்கார்ந்து சாப்பிடுவார்கள், புண்ணுக்காக மட்டும் கொஞ்ச நாள் இருக்க வேண்டியிருக்கும்.

வாய்க்கால் உவமை ஓர் இடத்தில் மட்டும் பொருந்தாது. தூர்வாரும்போது மண்ணை அள்ளி வெளியே போடுவோம். பலூன் அடைப்பை வெளியே எடுப்பதில்லை. அதைச் சுவரோடு நசுக்கி ஒதுக்கி வழி உண்டாக்குகிறது, அவ்வளவுதான். சுவரும் அதனால் உள்ளுக்குள் கிழிபடுகிறது. அந்தக் காயம் ஆறும்போது வளரும் தசையால் குழாய் மறுபடி சுருங்கலாம். உங்கள் பக்கத்து ஊர்க்காரருக்கு நடந்தது இதுவாகத்தான் இருக்கும். முழங்காலுக்குக் கீழே நீளமான அடைப்பைத் திறந்தால் ஒரு வருடத்துக்குள் பலருக்குத் திரும்பச் சுருங்குகிறது. இதை உங்களிடம் மறைத்துவிட்டு யாராவது பலூனைப் பற்றிப் பேசினால் அது முழுப் பேச்சு அல்ல.

அப்படியானால் எதற்குச் செய்ய வேண்டும் என்று கேட்பீர்கள். புண் ஆறுவதற்கு நிறைய ரத்தம் வேண்டும். ஆறிய பாதம் ஆறியபடியே இருக்கக் குறைந்த ரத்தம் போதும். நாற்று நட்டுப் பயிர் எழும்பும்வரை வேண்டிய தண்ணீர் வேறு, அறுவடைக்கு முன் நிலத்தில் இருக்கிற ஈரம் வேறு. திறந்த குழாய் நான்கைந்து மாதம் ஓடி, அதற்குள் புண் முழுக்க மூடிவிட்டால், பிறகு குழாய் சுருங்கினாலும் பலருக்குக் கால் தப்பித்துவிடுகிறது. புண் ஆறுவதற்குள் சுருங்கினால் மறுபடி பலூன் வைக்கலாம். அதனால்தான் பலூன் வைத்த பிறகு ஒரு மாதம், மூன்று மாதம், ஆறு மாதம் என்று டாப்ளர் பார்க்கச் சொல்கிறோம். அப்படிப் பார்க்க வராமல் விட்டு, புண் மறுபடி பெரிதான பிறகு வந்தவர்கள்தான் நான் பார்த்தவர்களில் அதிகமாகக் காலை இழந்தவர்கள்.

பைபாஸ் என்பது புது வாய்க்கால் வெட்டுவது. அடைப்பைத் தொடாமல் விட்டுவிட்டு, மேலே நல்ல ரத்தம் ஓடும் இடத்திலிருந்து கீழே திறந்திருக்கும் இடத்துக்கு, நோயாளியின் சொந்தச் சிரையை எடுத்து இணைப்பது. நீங்கள் நரம்பு என்று எழுதியிருப்பது இந்தச் சிரையைத்தான். காலின் உட்புறம் நீளமாகத் திறக்க வேண்டும். மூன்று முதல் ஆறு மணி நேரம் ஆகும். மயக்க மருந்து வேண்டும். காயம் ஆற ஒரு வாரத்துக்கு மேல் ஆஸ்பத்திரியில் இருக்க நேரும். இதயம் அந்தச் சுமையைத் தாங்க வேண்டும். ஆனால் நல்ல சிரையில் செய்த பைபாஸ் பலூனைவிட நீண்ட நாள் ஓடும். அதையும் நான் சொல்லியாக வேண்டும்.

இந்த இரண்டில் எதை முதலில் செய்வது என்று உலகம் முழுக்கப் பெரிய விவாதமே நடந்திருக்கிறது. 2022-இல் அமெரிக்கா உள்ளிட்ட சில நாடுகளில் 1,830 நோயாளிகளை வைத்து நடந்த பெஸ்ட்-சிஎல்ஐ ஆய்வு வெளியானது. நல்ல சிரை கைவசம் உள்ளவர்களிடையே, கால் இழப்பு, பெரிய மறு சிகிச்சை, இறப்பு ஆகிய மூன்றில் ஒன்று நேர்ந்தவர்கள் பைபாஸ் முதலில் செய்தவர்களில் 42.6 சதவீதம், பலூன் வழியில் போனவர்களில் 57.4 சதவீதம். சிரை சரியில்லாதவர்களிடம் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அதைப் பார்த்த பைபாஸ் செய்பவர்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். அடுத்த வருடமே, 2023-இல், பிரிட்டனை மையமாகக் கொண்ட பேசில்-2 ஆய்வு வந்தது. முழங்காலுக்குக் கீழே அடைப்பு உள்ள 345 பேர். அதில் முடிவு தலைகீழ். காலை இழந்தவர்களும் இறந்தவர்களும் சேர்ந்து, பைபாஸ் பக்கத்தில் 63 சதவீதம், பலூன் பக்கத்தில் 53 சதவீதம்.

இரண்டு நல்ல ஆய்வுகள், இரண்டு விடை. படிக்கிற உங்களுக்குக் குழப்பமாக இருக்கும். நான் இதைப் புரிந்துகொள்வது இப்படி: ஆள் திடமாக இருந்து, சிரை நன்றாக இருந்து, அடைப்பு நீளமாக இருந்தால் பைபாஸைத் தட்டிக்கழிக்கக் கூடாது, தழும்பு பெரிதாக இருக்கும் என்பதற்காக மட்டும் அதை விட்டுவிடக் கூடாது. வயதும் இதயநோயும் சேர்ந்து, அடைப்பு கீழே சிறு கிளைகளில் இருந்தால் துளை வழியே போவது பாதுகாப்பு. பலூன், பைபாஸ் இரண்டையும் செய்யத் தெரிந்த மருத்துவர், அல்லது இரண்டு வகை நிபுணர்களும் உட்கார்ந்து பேசும் ஆஸ்பத்திரி, இதுதான் நீங்கள் தேட வேண்டியது. ஒன்றை மட்டுமே செய்யத் தெரிந்த இடத்தில் எல்லா நோயாளிக்கும் அந்த ஒன்றே பொருந்துவதுபோலத் தெரியும்.

அப்பாவைப் பற்றி நீங்கள் எழுதியதை வைத்துச் சொல்கிறேன். ஏற்கெனவே இதயத்தில் பைபாஸ் ஆனவர். இடது காலின் சிரை போய்விட்டது. வலது காலின் சிரை மூன்று மில்லிமீட்டருக்குக் குறையாமல் நீளமாக இருக்கிறதா என்று ஸ்கேனில் அளந்து பார்க்கலாம். இதயம் எவ்வளவு வேலை செய்கிறது என்று எக்கோ எடுத்துப் பார்க்க வேண்டும். நான் அவர் பக்கத்தில் இருந்தால், முதலில் ஆஞ்சியோ, அதாவது ரத்தக்குழாய்க்குள் சாயம் செலுத்தி எக்ஸ்ரே படம், எடுத்துப் பார்ப்பேன், அதே மேஜையிலேயே பலூன் விடத் தயாராகப் போவேன். கம்பி கடக்காவிட்டால், சிரையும் இதயமும் சரியாக இருந்தால், பைபாஸ் பற்றி அன்றே உங்களிடம் பேசுவேன். சிலருக்குத் தொடை இடுக்கிலேயே அடைப்பு இருக்கும். அங்கே பலூன் வைப்பதைவிட, தோலைச் சின்னதாகத் திறந்து அடைப்பைச் சுரண்டி எடுப்பது நல்லது, இடுப்பு மடங்கும் இடத்தில் ஸ்டென்ட் (குழாயைத் திறந்தபடி தாங்கும் வலைக்குழாய்) வைத்தால் அது உடைந்துபோகும் அபாயம் உண்டு. அப்படி மேலே திறந்தும் கீழே பலூன் வைத்தும் ஒரே நேரத்தில் செய்வதும் இப்போது வழக்கமாகிவிட்டது. துளை, ஆபரேஷன் என்று இரண்டு கட்சி பிரித்துப் பேசுவது வெளியே இருக்கிற நமக்குத்தான், அறைக்குள் இரண்டும் கலந்தே நடக்கிறது.

அப்பா "காலை எடுத்தால் நான் இருக்க மாட்டேன்" என்கிறார் அல்லவா? இந்தத் துளைவழிச் சிகிச்சை பிறந்ததே அப்படி ஒருவர் மறுத்ததால்தான். 1964 ஜனவரி 16, அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரம். 82 வயது மூதாட்டி ஒருவருக்கு விரல்கள் அழுகிப்போய், காலை எடுக்க வேண்டும் என்று அறுவை மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். அவர் ஒத்துக்கொள்ளவே இல்லை. சார்ல்ஸ் டாட்டர் என்ற கதிரியக்க மருத்துவர் அவருடைய தொடைக் குழாயில் இருந்த சிறிய அடைப்பை, ஒன்றுக்குள் ஒன்று பொருந்தும் டெஃப்ளான் குழாய்களை உள்ளே செலுத்தி விரித்தார். பாதம் சூடேறியது. அவர் வேறு காரணத்தால் இறக்கும்வரை அந்தக் குழாய் திறந்தே இருந்தது, தன் இரண்டு காலிலும் நடந்தார். பலூன் அதற்குப் பத்து வருடம் கழித்து வந்தது. ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக் என்ற மருத்துவர் சூரிச்சில் தன் வீட்டுச் சமையலறை மேஜையில் வைத்து அந்த பலூன் குழாய்களைச் செய்து பார்த்தார். 1974-இல் முதலில் பயன்படுத்தியது காலில்தான். இதயத்துக்கு அது போனது 1977-இல். இன்று எல்லாருக்கும் இதய ஆஞ்சியோ தெரியும், காலுக்கும் அது உண்டு என்பது ஊரில் பாதிப் பேருக்குத் தெரியவில்லை. அதனால்தான் காப்பாற்றியிருக்கக்கூடிய எத்தனையோ கால்கள் ஒரு ஆஞ்சியோகூடப் பார்க்காமல் போகின்றன. எனக்கு இதில் ஆற்றாமை உண்டு.

அப்பாவிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள். ஆனால் கட்டாயம் காப்பாற்றிவிடலாம் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். பாதம் முழுக்க அழுகிவிட்டாலோ, தொற்று உயிரையே தொடும் அளவுக்குப் போனாலோ, காலை எடுப்பதுதான் சரியான சிகிச்சை. அப்படி நேர்ந்தாலும் முழங்கால் மூட்டு மிஞ்சும்படி எடுக்க முடிந்தால் செயற்கைக் கால் போட்டு நடக்கலாம். மேலே ரத்தம் சரிசெய்து வைத்தால் அந்த இடமாவது ஒழுங்காக ஆறும்.

லேசர் பற்றி இரண்டு வார்த்தை. உங்கள் உறவினர் சொல்வது நரம்புச் சுருட்டுக்குச் செய்வது. அங்கே கெட்டுப்போன சிரையைச் சூடாக்கி மூடுவார்கள். அப்பாவுக்கு மூட வேண்டியது எதுவும் இல்லை, திறக்க வேண்டியதுதான் இருக்கிறது. இரண்டும் வெவ்வேறு குழாய்கள், வெவ்வேறு நோய். இதை நான் சற்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நரம்புச் சுருட்டுக்காரர்களுக்குக் கொடுக்கும் இறுக்கமான காலுறையையோ கிரேப் பேண்டேஜையோ யாராவது அப்பாவுக்கு மாட்டிவிட்டால், போகிற கொஞ்ச ரத்தமும் நின்றுபோகும். காலைத் தலையணை வைத்து உயர்த்துவதும் வேண்டாம். வெந்நீர் ஒத்தடம் வேண்டவே வேண்டாம். சுகரால் மரத்த பாதத்துக்குச் சூடு தெரியாது, ரத்தமில்லாத தோல் சட்டென்று வெந்துவிடும். ஒத்தடத்தால் கொப்புளம் வந்து அதுவே அழுகலாகிய பாதங்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

சிறுநீரகத்தின் வேலையைக் காட்டும் கிரியேட்டினின் அளவு 1.6 என்பதால் ஆஞ்சியோவில் செலுத்தும் சாயம் சிறுநீரகத்தைப் பாதிக்குமோ என்று பயப்படுவீர்கள், அது நியாயமான பயம். முந்தின நாளே டாக்டரிடம் இந்த எண்ணைச் சொல்லுங்கள். சாயத்தைக் குறைவாகப் பயன்படுத்துவார்கள், டிரிப்ஸ் ஏற்றுவார்கள், மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரையை எப்போது நிறுத்தி எப்போது தொடங்க வேண்டும் என்று சொல்வார்கள். சில இடங்களில் சாயத்துக்குப் பதிலாகக் கரியமில வாயுவைச் செலுத்தியும் படம் எடுக்கிறார்கள். ஊசி போட்ட இடத்தில் ரத்தக்கட்டு, குழாய் கிழிவது, அடைப்பின் துணுக்கு கீழே போய் மாட்டிக்கொள்வது, இவையும் எப்போதாவது நடக்கும். சின்னத் துளை என்பதால் ஆபத்தே இல்லாத வேலை என்று நினைத்துக் கையெழுத்துப் போடாதீர்கள், கேட்டுப் புரிந்துகொண்டு போடுங்கள்.

சிகிச்சைக்குப் பிறகு மாத்திரை. ரத்தம் உறைந்து குழாய் அடைக்காமல் இருக்க ஆஸ்பிரினோ குளோபிடோக்ரெலோ, சில மாதம் இரண்டும் சேர்த்தோ, கொலஸ்ட்ரால் மாத்திரை ஆயுள் முழுக்க. ரிவரோக்சபான் என்ற மருந்தின் 2.5 மில்லிகிராம் மாத்திரையை ஒரு நாளைக்கு இரண்டு வேளை, ஆஸ்பிரினுக்குத் துணையாகக் கொடுக்கும் வழக்கமும் வந்திருக்கிறது. காலில் ரத்த ஓட்டம் சரிசெய்தவர்களுக்குப் பிறகு வரும் பெரிய ஆபத்துகளை அது குறைக்கிறது என்று 2020-இல் வெளியான பெரிய ஆய்வு காட்டியது, ரத்தக்கசிவு கூடும் என்பதும் அதில் தெரிந்தது. அப்பாவுக்கு அது பொருந்துமா என்பதை அவரைப் பார்க்கிற டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். பல்லுக்கோ கண்ணுக்கோ போகும்போது யாராவது நிறுத்தச் சொன்னால், இந்த டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நிறுத்தாதீர்கள்.

பீடி. அப்பாவிடம் சண்டை போட்டுப் பயனில்லை. பலூன் வைத்த அன்று பாதம் சூடாகும், ராத்திரி முதல்முறையாக அவர் படுத்துத் தூங்குவார். அந்த மறுநாள் காலை சொல்லுங்கள், "ஒவ்வொரு பீடியும் இந்தக் குழாயைத் திரும்ப மூடுதுப்பா" என்று. வலி போன மறுநாள் கேட்டுக்கொண்டவர்கள் பலரை எனக்குத் தெரியும். அவர் தடுமாறினால் புகைப்பழக்கத்தை விடுவதற்கு மருந்தும் சூயிங்கமும் உண்டு, வெட்கப்படாமல் கேட்கலாம்.

செலவைப் பற்றி நீங்கள் நேராகக் கேட்கவில்லை, ஆனால் மூன்று டாக்டர் பார்த்த குடும்பத்துக்கு அந்தக் கவலை இல்லாமல் இருக்காது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் எடுத்துப் போங்கள். குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் ரூபாய் வரை அதில் உண்டு. சேர்க்கும் முன்பே காப்பீட்டுக் கவுன்ட்டரில், இந்தச் சிகிச்சைக்கு அனுமதி கிடைக்குமா, பலூனும் ஸ்டென்டும் அதில் அடங்குமா என்று கேட்டுவிடுங்கள். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் ரத்தநாள அறுவை சிகிச்சைக்கென்றே தனித் துறை இருக்கிறது. வேலூர் சிஎம்சியிலும் இருக்கிறது. அதற்கு முன் தஞ்சாவூரிலோ திருச்சியிலோ ரத்தநாள நிபுணர் யார் இருக்கிறார் என்று விசாரியுங்கள், பக்கத்தில் இருந்தால்தான் திரும்பத் திரும்ப டாப்ளர் பார்க்கவும் கட்டு மாற்றவும் போக முடியும்.

டாக்டர் அறைக்குள் போகும்போது இதைக் கேளுங்கள்: அடைப்பு எந்த மட்டத்தில் இருக்கிறது? பாதத்துக்கு ஒரு கிளையாவது நேராகப் போய்ச் சேரும்படி திறக்க முடியுமா? பலூன் போகாவிட்டால் அடுத்த திட்டம் என்ன, அதை இங்கேயே செய்வீர்களா? விரலை எப்போது எடுப்பீர்கள், ரத்தம் வந்த பிறகா, முன்னாலா? இந்தக் கேள்விகளுக்குப் பொறுமையாகப் பதில் சொல்கிறவரிடம் அப்பாவை ஒப்படைக்கலாம். ஆஞ்சியோ முடிந்ததும் படத்தின் சிடியைக் கேட்டு வாங்கிப் பத்திரமாக வையுங்கள், வெறும் ரிப்போர்ட் தாள் போதாது. ஆறு மாதம் கழித்து வேறு யார் பார்த்தாலும் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

இன்று ராத்திரி அப்பா உட்காரும்போது இடது பாதத்தையும் கையில் எடுத்துப் பாருங்கள். விரல் இடுக்கு, குதிகால் வெடிப்பு, நகத்தோரம். அங்கேயும் இதே குழாய்கள்தான் ஓடுகின்றன, அந்தக் காலில் இன்னும் புண் வரவில்லை. புதுச் செருப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு, உள்ளே மெத்தென்றும் பின்னால் வாரும் உள்ள செருப்பாக வாங்கிக் கொடுங்கள். சாயங்காலம் கடைக்குக் கூட்டிப்போய் வாங்குங்கள், அப்போதுதான் பாதம் வீங்கி அதன் முழு அளவில் இருக்கும்.

அன்புடன்,
உங்கள் மருத்துவர்